நம் மையத்துக் கணினியில் பிரவுசரை மாற்றிப் பார்த்தோம்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாட்களில் நம் டிரஸ்ட் உதவி மையத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு மாலையில் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை முடித்துவிட்டு, அடுத்த பிள்ளையை உட்கார வைத்தோம். பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதுமே, முன்னால் வந்து போனவர்களின் பெயர்கள் கீழே வரிசையாக வந்து நின்றன. கைப்பேசி எண்ணுக்கான கட்டத்திலும் அப்படித்தான், வங்கிக் கணக்கு எண்ணுக்கான கட்டத்திலும் அப்படித்தான். டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்தால் இன்னும் மோசம். ஒரு மாதமாக வந்து போன குடும்பங்களின் ஆதார் நகல், வருமானச் சான்றிதழ், கணவரை இழந்த ஒரு சகோதரி கொண்டு வந்த இறப்புச் சான்றிதழ் எல்லாம் அப்படியே கிடந்தன.

யாரும் எதையும் எடுத்துத் தவறாகப் பயன்படுத்தவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதத்தை நாம் திறந்த வாசலில் போட்டு வைத்திருந்தோம். தவறு எங்களுடையதுதான். கணினியின் மேல் பழி போட முடியாது. அன்றிரவே அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டு, எந்தப் பிரவுசரை எப்படி அமைத்தால் இது மறுபடி நடக்காது என்று பார்க்க உட்கார்ந்தோம். இரண்டு மாதம் ஃபயர்பாக்ஸை முக்கியமாக வைத்துக்கொண்டு, குரோம், எட்ஜ், பிரேவ் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டுக் கைப்பேசிகளிலும் போட்டுப் பார்த்தோம்.

பிரவுசர் என்பது இணையதளங்களைத் திறந்து காட்டும் செயலி, அவ்வளவுதான். நம்மில் பலர் குரோமைத்தான் "கூகுள்" என்றும் "இன்டர்நெட்" என்றும் சொல்கிறோம். ஆண்ட்ராய்டு போன் வாங்கும்போதே அது உள்ளே இருப்பதால் வந்த பழக்கம் இது. வேறு பிரவுசரைப் போட்டால் நெட் பேலன்ஸ் தனியாகப் போகுமா என்று ஒரு வாப்பா கேட்டார். போகாது. மின்னஞ்சலோ அரசுத் தளத்தில் உள்ள கணக்கோ மாறிவிடாது. வீடு அதேதான், நுழையும் கதவுதான் வேறு.

ஒப்பிடத் தொடங்கியதும் முதலில் புரிந்தது, பெயர்கள் பலவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரங்கள் சிலவே என்பது. குரோம் 2008இல் வந்தது. அதன் அடித்தளமான குரோமியம் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருக்கிறது. ஓபரா 2013இல் அதற்கு மாறியது. மைக்ரோசாஃப்டின் எட்ஜும் 2020 ஜனவரியில் அதே அடித்தளத்துக்கு வந்துவிட்டது. பிரேவும் அதன்மேல் கட்டப்பட்டதுதான். ஃபயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற தனி இயந்திரத்தில் ஓடுகிறது. அதன் முதல் முழுப் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நம் நாட்டில் ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் இயந்திரம்தான்.

எல்லாம் இலவசம் என்றால் செலவை யார் பார்க்கிறார்கள்? வியாபாரம் செய்யும் நம் மக்களுக்கு இந்தக் கேள்வி உடனே வரும். கூகுளின் பெரிய வருமானம் விளம்பரம். யார் எதைத் தேடுகிறார் என்று தெரிந்தால் விளம்பரத்துக்கு விலை கூடும். ஃபயர்பாக்ஸை நடத்தும் மொஸில்லா, லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. அதற்காக அதை அப்படியே உயர்த்திப் பேசிவிடவும் முடியாது. ஃபயர்பாக்ஸில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக கூகுள் தரும் பணமே மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி. பிரேவ் நிறுவனம் 2020இல் ஒரு சங்கடத்தில் மாட்டியது. சில கிரிப்டோ தளங்களின் முகவரியை ஒருவர் தட்டும்போது, தனக்குக் கமிஷன் வரும்படியான முகவரியாக அதைப் பிரவுசரே நிரப்பியது வெளியே வந்தது. பிறகு திருத்திக்கொண்டார்கள். ஆக, முழுக்கச் சுத்தமான கை என்று எதையும் நாங்கள் சொல்லப்போவதில்லை.

மையத்துக் கணினிக்கு வருவோம். ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ் போய், தனியுரிமைப் பகுதியில் மூன்று காரியம் செய்தோம். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதை நிறுத்தினோம். படிவத்தில் தட்டியதை நினைவில் வைப்பதை நிறுத்தினோம். பிரவுசரை மூடும்போது குக்கீ, வரலாறு எல்லாம் அழியும்படி வைத்தோம். குக்கீ என்பது ஒரு தளம் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள நம் கணினியிலேயே விட்டுச் செல்லும் சீட்டு. ஒரு தளம் வைத்த சீட்டை வைத்து இன்னொரு தளத்தில் நம்மைப் பின்தொடர முடியாதபடி பிரித்து வைக்கும் ஏற்பாடு, 2022 முதல் கணினிக்கான ஃபயர்பாக்ஸில் தானாகவே இருக்கிறது. பிறர் அந்தரங்கத்தைத் துருவக்கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் படித்து வளர்ந்த நமக்கு, இதன் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குரோமிலும் இதற்கு வழி இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே உள்ள முகப் படத்தைத் தட்டி விருந்தினர் முறையில் திறந்தால், மூடியதும் அந்த அமர்வின் தடயங்கள் அழிந்துவிடும். ஆனால் அவசரத்தில் யாராவது மறந்து சாதாரணமாகத் திறந்துவிடுவார்கள். மறந்தாலும் அழிகிற ஏற்பாடே கூட்டத்துக்கு ஏற்றது என்பதால் நாங்கள் ஃபயர்பாக்ஸை வைத்துக்கொண்டோம்.

இன்காக்னிட்டோ பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கறுப்புத் திரையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது அந்தக் கணினியில் வரலாற்றை வைக்காது, அவ்வளவே. பார்க்கும் தளத்துக்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் நம் வருகை தெரியும். இதைக் குறித்து அமெரிக்காவில் கூகுள் மீது 2020இல் தொடுத்த வழக்கு 2024இல் சமரசத்தில் முடிந்தது. சேர்த்து வைத்த ஏராளமான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இறக்கிய கோப்புகள் சாதாரண அமைப்பில் இன்காக்னிட்டோவிலும் கணினியிலேயே தங்கும். அதனால் டவுன்லோடு ஃபோல்டரை நாம்தான் கையால் அழிக்க வேண்டும். எங்கள் பிழை பாதி அங்கேதான் இருந்தது. பிரவுசரை மாற்றியதால் மட்டும் அது தீரவில்லை.

கைப்பேசியில் அனுபவம் வேறு. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாமி, ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக பேங்கிலிருந்து தினமும் செய்தி வருகிறது, வாங்கலாமா என்று கேட்டு வந்தார். மருமகனுக்கு ஆபரேஷன் செலவு. வாங்கிப் பார்த்தால் அது பேங்க் செய்தியே இல்லை. சமையல் குறிப்பு பார்த்த ஏதோ ஒரு தளம் "அனுமதி" என்று கேட்டதற்கு மாமி சரி என்று தட்டியிருக்கிறார். அதன் வழியே வந்த விளம்பரம். தட்டியிருந்தால் வட்டியிலும் மிரட்டலிலும் போய் நின்றிருக்கும். பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்தோம், செய்தி நின்றது. செலவுக்கு பைத்துல்மாலில் மனு எழுதிக் கொடுத்தோம். இந்தச் சிறு வேலையைக் குரோமிலேயே செய்யலாம். இதற்காகப் பிரவுசரை மாற்ற வேண்டியதில்லை.

விளம்பரமே வராமல் இருக்க வேண்டும் என்றால் மாற்றுவது நல்லது. ஆண்ட்ராய்டில் குரோமுக்கு ஆட்-ஆன் எனப்படும் துணைச் செயலிகள் சேர்க்க முடியாது. ஃபயர்பாக்ஸில் முடியும். யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச ஆட்-ஆனைச் சேர்த்ததும் சூதாட்ட விளம்பரமும் ஆபாசப் படமும் பெரும்பாலும் மறைந்தன. பிரேவில் இந்தத் தடுப்பு உள்ளேயே இருப்பதால் பெரியவர்களுக்கு அதுவே சுலபம். ஆனால் அதில் கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் என்று சில பட்டன்கள் இருக்கும். அவற்றை மறைத்துவிட்டுக் கொடுங்கள்.

சிக்கலும் வந்தது. ஒரு விண்ணப்பத் தளத்தில் சமர்ப்பித்த பிறகு ஒப்புகைச் சீட்டு புதிய ஜன்னலில் திறக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் அந்த ஜன்னலைத் தடுத்துவிட்டு, மேலே சிறிய எச்சரிக்கை மட்டும் காட்டியது. நாங்கள் அதைக் கவனிக்காமல், போகவில்லை என்று நினைத்து அந்தப் பிள்ளைக்கு மறுபடி முதலிலிருந்து நிரப்பினோம். இரட்டை விண்ணப்பமாகி, அதைச் சரிசெய்ய அந்தப் பிள்ளையின் உம்மா கல்லூரிக்கு இரண்டு நடை நடந்தார். குரோமில் மட்டும் திறக்கவும் என்று எழுதியிருக்கும் தளங்களும் உண்டு. அதனால் குரோமையும் நாங்கள் அழிக்கவில்லை. ஆங்கிலப் பக்கத்தை ஒரு தட்டில் தமிழில் காட்டும் வசதிக்கும் அது உதவுகிறது. கடைசி தேதி அன்று மட்டும் புதிய பிரவுசரைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

மையத்தில் விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகள் இரண்டு இருக்கின்றன. அந்த விண்டோஸுக்குக் குரோம் 2023 பிப்ரவரியோடு புதுப்பிப்பை நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸ் பழைய பதிப்புக்கு அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தம் தந்தது. ஆனாலும் அடித்தளமே பழையதாகிவிட்டதால் அவற்றில் வங்கி வேலை செய்ய விடுவதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் போனிலும் இப்படிச் செய்துகொள்ள விரும்பினால் ஞாயிறு அஸருக்குப் பிறகு மையத்துக்கு வாருங்கள். பெண்களுக்கு உள் அறையில் சகோதரிகள் இருப்பார்கள். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் எங்களிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் கோப்புகளை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.