கொடை நோட்டீஸில் ‘ஃபோக்’ என்று போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கம். இசக்கியம்மன் கோயில் கொடைக்கு வருடா வருடம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வில்லுப்பாட்டுக் குழு வரும். இந்த முறை நோட்டீஸை மலையாளம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் அடித்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபோக் மியூசிக்’ என்று இருந்தது. பாட வந்த புலவருக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளோ ‘டிரெடிஷனல் மியூசிக்’ என்பதுதான் இப்போது வழக்கம் என்கிறாள். எது சரி?

— வாசகர், நெய்யாற்றின்கரை வட்டம்

பதில்: புலவரின் வருத்தம் நியாயமானது. மகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

‘ஃபோக்லோர்’ என்ற சொல்லை 1846இல் உருவாக்கியவர் வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர். அதற்கும் முன்பே ஜெர்மனியில் ஹெர்டர் எளிய மக்களின் பாட்டுகளைத் திரட்டி, அவற்றுக்கென ஒரு பெயரும் கொடுத்திருந்தார். எழுத்தறியாத குடியானவர்கள், ஆக்கியவர் பெயர் தெரியாத பாட்டு, வாய்வழியாக மட்டுமே வரும் மரபு என்பதுதான் ‘ஃபோக்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்ட எண்ணம். நம் ஊருக்கு அது பொருந்தாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தென்னிந்திய மக்கள் பாடல்கள் என்று சார்லஸ் கோவர் 1871இல் சென்னையில் வெளியிட்ட ஆங்கில நூலில் திருக்குறளும் இருக்கிறது, தாசர் பதங்களும் இருக்கின்றன.

அறிஞர்கள் இந்தச் சொல்லுக்கு வரையறை தேடியது பின்னால்தான். சர்வதேச நாட்டுப்புற இசைக் கழகம் 1954இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் கூடி, வாய்வழியாகக் கைமாறி வளர்வதே ஃபோக் மியூசிக் என்றது. பழமையோடு தொடர்ச்சி, பாடுபவரால் வரும் மாறுதல், எது நிலைக்க வேண்டும் என்று ஊர் செய்யும் தேர்வு ஆகிய மூன்றும் அதற்கு அடையாளம். இது பாட்டு எப்படிப் பயணிக்கிறது என்பதைச் சொல்லும் வரையறை. பாட்டின் தரத்தைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை. அதே கழகம் 1981இல் தன் பெயரில் இருந்த ‘ஃபோக்’கை எடுத்துவிட்டு ‘டிரெடிஷனல்’ என்று வைத்துக்கொண்டது. உங்கள் மகள் சொல்லும் வழக்கத்துக்கு இது ஒரு முக்கியமான சான்று.

இனி வில்லுப்பாட்டுக்கு வருவோம். தெய்வங்களின் கதைகள் ஓலைச்சுவடியில் எழுதப்பட்டவை. பிறகு அவை நோட்டுப் புத்தகங்களுக்கு ஏறின. ஏட்டைப் படித்து மனத்தில் ஏற்றியவர் என்பதால்தான் முன்னால் இருந்து பாடுபவரை ஊர் ‘புலவர்’ என்கிறது. 1988இல் வெளியான நூலில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குமரி மாவட்ட வில்லுப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எழுதிய பிரதிக்கும் மேடைப் பாட்டுக்கும் உள்ள உறவுதான் அதில் முக்கியமான பொருள். வாய்வழி மட்டும் என்ற அளவுகோலை வைத்தால் வில்லுப்பாட்டு பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் கொடை. மணி கட்டிய வில்லைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, புலவர் வீசுகோலால் நாணை அடிக்கிறார். குடத்துக்காரர் குடத்தின் வாயில் தட்ட, உடுக்கும் தாளமும் சேர்கின்றன. பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடியையும் வாங்கிப் பாடுகிறார். இசக்கி கதை என்றால் கொலை நடக்கும் இடம் வர வர வேகம் கூடும். அந்த நேரத்தில்தான் எதிரே நிற்பவருக்கு அருள் வரும். கதையும் பூசையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நகர்கின்றன. ‘மியூசிக்’ என்ற சொல்லே இதற்குப் போதவில்லை என்பேன்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டு இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. கணியாகுளம் போரில் இறந்த வேணாட்டு அமைச்சரைப் பாடும் ‘இரவிக்குட்டிப்பிள்ளைப் போர்’ மலையாள இலக்கிய வரலாறுகளில் தெக்கன்பாட்டு. நமக்கு அது கதைப்பாடல். மொழி, மலையாளம் கலந்த தென்திருவிதாங்கூர்த் தமிழ். ‘ஃபோக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்தச் செய்தி முழுவதும் மறைந்துபோகும்.

புலவரின் மனத்தாங்கலுக்குக் காரணம் வழக்கில் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வாசுதேவன் பாடியது ‘கிளாசிக்கல்’, வில்லுப்பாட்டு ‘ஃபோக்’ என்று பிரிக்கும்போது ஒன்று மேலே, ஒன்று கீழே என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. பல வருடம் ஏடு படித்து, இரவெல்லாம் ஒரு கதையை நினைவிலிருந்து பாடும் கலைஞரை அப்படிக் கீழே வைப்பது அநியாயம். சினிமாவிலோ ‘ஃபோக்’ என்றால் குத்துப்பாட்டு என்றே ஆகிவிட்டது. அமெரிக்காவில் கிட்டாரோடு சொந்தப் பாட்டு எழுதிப் பாடிய பாப் டிலனும் ‘ஃபோக்’தான்.

அதற்காக அந்தச் சொல்லை எங்குமே தொடக்கூடாது என்றில்லை. கண்ணூர் சிறக்கலில் உள்ள கேரள ஃபோக்லோர் அகாடமிக்கு விண்ணப்பம் எழுதினால் தயங்காமல் போடுங்கள், கலைஞருக்கு வர வேண்டிய விருதும் உதவியும் அந்தப் பிரிவில்தான் வரும். சங்கீத நாடக அகாடமியும் விருதுப் பட்டியலில் ‘டிரெடிஷனல்’, ‘ஃபோக்’ இரண்டையும் ஒரே தலைப்பில்தான் வைக்கிறது. ஆனால் ‘டிரெடிஷனல்’ தாழ்வு சொல்லாதே தவிர, கர்நாடக இசைக்கும் பொருந்தும், செண்டைமேளத்துக்கும் பொருந்தும். வெளியூர்க்காரருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது.

ஆகவே அடுத்த கொடைக்கு ஆங்கில எழுத்திலும் ‘வில்லுப்பாட்டு’ என்றே பெரிதாகப் போடச் சொல்லுங்கள். கதகளியை யாரும் மொழிபெயர்ப்பதில்லையே. அதன் கீழே, வில்லடித்துப் பாடும் கோயில் கதை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். அந்த இரவு என்ன கதை என்பதையும் புலவர், குடத்துக்காரர், பின்பாட்டுக்காரர் பெயர்களையும் மூன்று மொழியிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.