உதட்டுக்கு எத்தனை மாத ஆயுள்?

அன்பு மருமகளுக்கு,

உதட்டைப் பெரிதாக்க ஊசி நல்லதா, அறுவை நல்லதா, எது அதிக நாள் நிற்கும் என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது உனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அதனால்தான் கேள்வி இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. திட்டுவதற்காக எழுதும் கடிதம் இல்லை இது. பத்தொன்பது வயதுப் பெண் தன் முகத்தைப் பற்றிக் கேட்டால் முழுப் பதில் சொல்ல வேண்டும். அரைகுறைப் பதில்கள்தான் இன்ஸ்டாகிராமில் கொட்டிக் கிடக்கின்றனவே.

"எது அதிக நாள் நிற்கும்?" என்பது குக்கர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. உதட்டு விஷயத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பிடிக்காமல் போனால் பழைய உதடு திரும்பக் கிடைக்குமா? அப்படிக் கேட்டு வைக்காமல் பட்டவர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறார்கள்.

வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் 1899-இல் வாஸலினை ஊசி வழியாக உடலுக்குள் ஏற்றிப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முகச் சுருக்கத்துக்கும் மூக்குக்கும் பாராஃபின் மெழுகு ஏற்றுவது நாகரிகமாகிவிட்டது. மெழுகு கரையாது, நிரந்தரம் என்று அன்று நம்பினார்கள். கரையவில்லைதான்; இடம் மட்டும் மாறியது. மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன் மூக்குத்தண்டில் ஏற்றிக்கொண்ட மெழுகு மெல்ல நழுவித் தாடைப் பக்கம் இறங்கி, பேரழகி என்று பெயரெடுத்த முகத்தையே கெடுத்தது. இன்னும் பலருக்குக் கட்டி, புண் என்று வளர்ந்தது.

மெழுகு போய் திரவ சிலிக்கோன் வந்தது. இங்கிலாந்தின் தொலைக்காட்சி நடிகை லெஸ்லி ஆஷ் 2002-இல் உதட்டில் ஏற்றிக்கொண்டது அதைத்தான். உதடு வீங்கி உருமாறியது. பத்திரிகைகள் மீன் வாய் என்று வருஷக் கணக்கில் கேலி செய்தன. சிலிக்கோன் தசையோடு கலந்துவிட்டதால் அதை வழித்து எடுக்க வழியில்லாமல் போயிற்று. அவருடைய உதட்டைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர், எந்தப் பொருளால் அப்படி ஆனது என்று விசாரித்திருப்பார்கள்? அதே ஆண்டுகளில் உலகமெங்கும் புழக்கத்தில் இருந்த கொலாஜன் ஊசி மூன்று நான்கு மாதத்தில் தானாகவே கரைந்துவிடும். அதை மாட்டுத் தோலிலிருந்து எடுத்தார்கள். 1981-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி கொடுத்தது. நூற்றுக்கு மூன்று பேருக்கு ஒவ்வாமை வந்ததால் முதலில் முன்கையில் ஒரு சொட்டு ஏற்றி, நாலு வாரம் காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது. தொல்லைதான். ஆனாலும் கரைந்து போகும் தொல்லை.

இன்று "லிப் ஃபில்லர்" என்று யார் சொன்னாலும் அநேகமாக ஹயலூரோனிக் அமிலத்தைத்தான் சொல்கிறார்கள். அமிலம் என்றதும் பயப்படாதே. உன் தோலிலும் மூட்டிலும் கண்ணுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கிற வழவழப்பான பொருள்தான் அது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். வளர்ந்த மனித உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் அழித்துப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது. அப்படியே எடுத்து உதட்டில் ஏற்றினால் சில நாளில் காணாமல் போய்விடும். அதனால் அதன் இழைகளை வேதிப்பொருளால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஜெல்லாக்குகிறார்கள். கட்டு எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவுக்கு ஆயுள் நீளும். சுவீடனின் உப்சாலா நகரத்து நிறுவனம் ஒன்று பாக்டீரியாவை வளர்த்துத் தயாரித்த ரெஸ்டிலேன் 1996-இல் ஐரோப்பாவுக்கு வந்தது. சேவல் கொண்டையிலிருந்து எடுத்த வகையும் சில காலம் சந்தையில் இருந்தது. உதட்டுக்கென்று எஃப்.டி.ஏ. ரெஸ்டிலேனுக்கு அனுமதி கொடுத்தது 2011-இல்.

ஆயுள் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை. கன்னத்தில் போடும் ஃபில்லர் இதைவிட அதிக நாள் தங்கும். உதடு பேச்சு, சாப்பாடு, சிரிப்பு என்று ஓயாமல் அசைவதால் சீக்கிரம் தேய்கிறது. அதற்காக ஒரு வருஷம் முடிந்த அன்று எல்லாம் துடைத்தாற்போலப் போய்விடும் என்று எண்ணாதே. இருப்பது முழுவதும் கரையுமுன் மேலே மேலே ஏற்றிக்கொண்டே போனால், ஜெல் உதட்டு விளிம்பைத் தாண்டி மேலே பிதுங்கும். மீசை இருக்க வேண்டிய இடத்தில் சதை உப்பினாற்போலத் தெரிகிற முகங்களை நீயே பார்த்திருப்பாய். அவையெல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல.

இந்த ஜெல்லின் பெரிய குணம், அதைக் கரைக்க மருந்து உண்டு என்பதுதான். ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியில் ஏற்றினால் ஓரிரு நாளில் ஃபில்லர் கரைந்துவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னரை எடுத்துக்கொள். 2015 மே மாதம், பதினேழு வயதில், உதட்டில் ஃபில்லர் போட்டுக்கொண்டதைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தின மாதம்தான் உலகமெங்கும் பிள்ளைகள் அவரைப் போல ஆக வேண்டும் என்று சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் உதட்டை வைத்துக் காற்றை உறிஞ்சி, வாயெல்லாம் கன்றிப்போய் நின்றார்கள். 2018-இல் ஃபில்லரையெல்லாம் எடுத்துவிட்டதாக அதே கைலி சொன்னார். சிலிக்கோன் ஏற்றியவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. உதட்டுக்குள் இரண்டு பக்கமிருந்தும் தமனிகள் ஓடுகின்றன. பெரும்பாலும் உள்பக்கமாக, தசைக்குப் பின்னால் போகும். ஆனால் ஆளுக்கு ஆள் வழி மாறும். ஜெல் தமனிக்குள் புகுந்துவிட்டாலோ வெளியே இருந்து நெருக்கினாலோ ரத்தம் நின்றுவிடும். உன் விரல் நகத்தை ஒரு தரம் அழுத்தி விட்டுப் பார். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்துவிடும். ஊசி போட்டு முடித்த மருத்துவர் உதட்டையும் சுற்றியுள்ள தோலையும் இப்படித்தான் அழுத்திப் பார்ப்பார். வெளுப்பு போகாவிட்டால், அல்லது தோலில் வலைப்பின்னல் போல ஊதா நிறம் படர்ந்து வலி கூடினால், உடனே நொதியை நிறைய ஏற்ற வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் தோல் செத்துக் கருகும். எனவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன பிராண்ட்?" என்பதல்ல, "கரைக்கிற மருந்து இங்கே, இப்போது, இந்த அறையில் இருக்கிறதா?" என்பது. இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் உதட்டைக் கொடுக்காதே.

பியூட்டி பார்லர் பக்கமே போகாதே. ஊசியில்லாமல் காற்றழுத்தத்தால் ஃபில்லர் ஏற்றும் பேனாக்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எவ்வளவு ஆழத்தில், எந்த இடத்தில் போய் விழுகிறது என்பது அந்தப் பேனாவைப் பிடித்திருப்பவர் கையில் இல்லை. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. 2021 அக்டோபரில் எச்சரித்தது.

போடாக்ஸ் வைத்து "லிப் ஃபிளிப்" என்று ஒன்று செய்கிறார்கள். மேலுதட்டு விளிம்புத் தசையில் சில சொட்டு. தசை தளர்ந்து உதடு லேசாக வெளியே மடங்கும். சதை ஒரு துளிகூட அதிகமாகாது. இரண்டு மூன்று மாதம் நிற்கும். சிலருக்கு ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்ச வராது, விசில் அடிக்க வராது, "பம்பரம்" என்று சொல்லும்போது உதடு சரியாக ஒட்டாது. நீ கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசுகிறவள் என்பதை நினைவில் வை. கடையில் விற்கிற "பிளம்பர்" உதட்டுச் சாயம் மிளகாய்க் காரத்தையும் லவங்கப்பட்டையையும் வைத்து உதட்டை உசுப்பிச் சிவக்க வைக்கிறது. அதற்கு ஆயுள் சில மணி நேரம்.

இனி கத்தி.

லிப் லிஃப்ட் என்பது மூக்குக்குக் கீழே காளைக் கொம்பு வடிவத்தில் சில மில்லிமீட்டர் தோலை வெட்டி எடுத்து, மீதியை மேலே இழுத்துத் தைப்பது. பிரேசிலின் கார்டோசோவும் ஸ்பெர்லியும் 1971-இல் இதை விவரித்தார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒரு வாரத்துக்குள் தையல் பிரிப்பார்கள். மேலுதடு சற்றுத் தூக்கிக்கொண்டு முன்பற்கள் கொஞ்சம் தெரியும். ஆயுள்? வெட்டிய தோல் மறுபடி முளைக்காது. வயதாகும்போது மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள தூரம் தானாகக் கூடும். நாற்பது ஐம்பது வயதில் அது உறுத்துகிறவர்களுக்கு ஏற்ற அறுவை இது. அவர்களுக்கு ஃபில்லர் போட்டால் உதடு பருத்துத் தொங்குமே தவிர மேலே எழாது. உன் வயதில் அந்தத் தூரம் இயல்பாகவே குறைவு. கூடுதலாக வெட்டிவிட்டால் வாயை மூடுவதே சிரமமாகும். அதற்குத் திருத்தம் ஏறக்குறைய இல்லை. தழும்பு முகத்துக்கு நட்டநடுவில் விழும். நம் மாதிரி மாநிறத் தோலில் தழும்பு கருப்பதும் தடிப்பதும் வெள்ளைத் தோலைவிட அதிகம். வெளிநாட்டுப் பெண்கள் போடும் முன்-பின் படங்களை வைத்து உன் தழும்பைக் கணக்குப் போடாதே.

இன்னொன்று இம்பிளாண்ட். மென்மையான திட சிலிக்கோன் துண்டை வாயின் இரு ஓரத்தில் சிறு துளை போட்டு உள்ளே நுழைக்கிறார்கள். திட சிலிக்கோனையும் லெஸ்லி ஆஷை வாட்டிய திரவ சிலிக்கோனையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. இது சதையோடு கலக்காது. வேண்டாமென்றால் உருவி எடுக்கலாம். எடுக்கும்வரை நிற்கும் என்பது நல்லது. முத்தத்திலும் விரலிலும் கட்டியாகத் தட்டுப்படுவது, ஒரு பக்கம் நகர்ந்து கோணலாவது, சீழ் பிடிப்பது அதற்குக் கொடுக்க நேரும் விலை.

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ சொந்தக் கொழுப்பை உறிஞ்சி உதட்டில் ஏற்றுவதும் உண்டு. ஒட்டிக்கொண்ட கொழுப்பு வருஷக் கணக்கில் இருக்கும். எவ்வளவு ஒட்டும் என்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. அசைகிற உதட்டில் பாதிக்கு மேல் கரைந்து போவதும் சகஜம். அத்தைக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

நியாயமாக ஊசியின் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தற்காலிகம் என்றால் தொடர்செலவு. வருஷத்துக்கு ஒரு தரம் என்று வைத்தாலும் இருபதில் தொடங்கினால் நாற்பதுக்குள் இருபது தரம். ஒவ்வொரு தரமும் அதே தமனி, அதே ஆபத்து. ஒருமுறை கத்தி வைத்துத் தொலைத்தால் தேவலையே என்று யாராவது சொன்னால் கணக்கு சரிதான். ஆனால் நாற்பது வயது முகம் எப்படி இருக்கப் போகிறது என்று பத்தொன்பதில் தெரியாது. இப்போதைய மோகம் அப்போது இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. தடித்த உதட்டைக் கேலி செய்து வளர்ந்த அதே நம் ஊரில், உதட்டின் உள்பக்கம் வெட்டி மெலிதாக்கிக்கொள்ளும் அறுவைக்கும் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வயதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேள். இங்கிலாந்தில் 2021 அக்டோபர் 1 முதல் பதினெட்டு வயதுக்குள் இருப்பவருக்கு அழகுக்காக ஃபில்லரோ போடாக்ஸோ போடுவது குற்றம். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. ஃபில்லர்களுக்கு அனுமதி கொடுத்திருப்பது 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு.

அதனால் அத்தையின் தீர்ப்பு இது: கத்தி வேண்டவே வேண்டாம். ஊசிக்கு 22 வரை பொறு. அப்போதும் ஆசை இருந்தால் தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போய் ஹயலூரோனிக் அமிலம் மட்டும், முதல் தரம் அரை மில்லி மட்டும் கேள். முன்பு எப்போதாவது உதட்டில் அக்கி போலக் கொப்புளம் வந்திருந்தால் மறைக்காமல் சொல். ஊசி அதைக் கிளப்பிவிடும், முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். பெட்டியை உன் கண்ணெதிரே பிரிக்கச் சொல். உள்ளே தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்து. பின்னால் வேறு ஊரில் வீக்கம் வந்தால், உள்ளே இருப்பது என்ன என்று அந்த மருத்துவருக்குச் சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

உன் அண்ணன் கல்யாணம் தையில் வருகிறது. கேள்வி இப்போது ஏன் வந்தது என்று அத்தைக்குப் புரியாமல் இல்லை. ஊசி போட்ட முதல் இரண்டு நாள்தான் வீக்கம் உச்சத்தில் இருக்கும். சரியான வடிவம் தெரிய இரண்டு வாரம் ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் யாரிடமாவது போய் உட்கார்ந்துவிடாதே. கல்யாணம் முடிந்து ஊர் அடங்கியதும், இதே கேள்வி மனசில் இருந்தால் மறுபடி எழுது.

அன்புடன்,
அத்தை