வீட்டுப் பெரியவர்களுக்கு உடல் பரிசோதனை: பெங்களூர்வாசிகளுக்கு 9 குறிப்புகள்

பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போனால், பிபி, சுகர் பார்த்ததோடு திரும்பிவிடுகிறோம். கண், காது, நடை, ஞாபகம், மனம் எல்லாமே பார்க்க வேண்டியவை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட முதியோர் நலக் கையேடு, இவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எளிதாகச் சோதிக்கும் வழிகளைச் சொல்கிறது.

1. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும்முன் உங்கள் வார்டில் உள்ள 'நம்ம கிளினிக்'கை விசாரியுங்கள். 2022 டிசம்பரில் கர்நாடக அரசு தொடங்கிய திட்டம் இது. ஆலோசனை, அடிப்படை ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம்.

2. பிபி பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவர்களுக்கு நிற்கவைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. வெறும் வயிற்று சுகர் டெஸ்ட்டுக்கு 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை மாத்திரை, இன்சுலினை எப்போது எடுப்பது என முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட டப்பாவில் இட்லி இருக்கட்டும்.

4. சுவரோரம் நாற்காலி போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 14 விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. பூ, கதவு, அரிசி என மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேளுங்கள். தடுமாறினால் 'வயசாச்சு' என்று விடாதீர்கள். டாக்டர் அனுப்பினால் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் முதியோருக்கான சிகிச்சைப் பிரிவு உண்டு.

6. டிவி சத்தம் கூடிக்கொண்டே போனால் காதைச் சோதியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிதான் வேண்டுமென்றால் மிண்டோ கண் ஆஸ்பத்திரி இருக்கிறது.

7. மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்தாலோ, இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் வாயையும் காட்ட வேண்டும்.

8. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. பெரியவர்கள் தடுமாறி விழுவதற்குச் சில மாத்திரைகளும் காரணம்.

9. மகன், மகள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கன்னடம் தெரியாமல் இருக்கலாம். கூடவே போங்கள், ஆனால் அவர்களே முதலில் பேசட்டும், நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அழைத்துப்போக ஆளில்லாத பெரியவர்கள், முதியோர் உதவி எண் 14567-ல் யோசனை கேட்கலாம்.

முடிவுகளை ஒரே நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். உடம்புக்கு வந்தபின் ஓடுவதைவிட, இந்த வாரமே அரைநாள் ஒதுக்கி அவர்களை அழைத்துப் போங்கள்.