பதகளிப்புக் குளிசை: முதல் இரண்டு கிழமைகள்

"அஞ்சு நாள் போட்டுப் பாத்தன். வருத்தம் கூடினதுதான் மிச்சம். நிப்பாட்டிப் போட்டன்."

பதகளிப்புக்கு மருந்து தொடங்கிய நம்மவர்கள் பலர் சொல்லும் கதை இது. இவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் கிழமையில் வருத்தம் கூடினது போல உண்மையிலேயே இருக்கும். ஆனால் அந்த ஐந்தாம் நாளில் குளிசைப் பெட்டி குப்பைக்குள் போய்விட்டால், மருந்தின் கெடுதியை மட்டும் அனுபவித்துவிட்டு அதன் நன்மை வருவதற்கு முன்னரே எழுந்து போனதாக முடியும். ஆகவே இம்முறை அந்த முதல் இரண்டு கிழமைகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பதகளிப்பு என்றால் என்ன என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. "அந்தரமாக் கிடக்கு", "நெஞ்சு படபட எண்டு அடிக்குது", "வயித்துக்குள்ளை ஏதோ உருளுது" என்று நாம் சொல்வதெல்லாம் அதைத்தான். பரீட்சைக்கு முன்னரும், வீட்டு அலுவலகக் கடிதத்தைப் பிரிக்கும்போதும் எவருக்கும் அது வரும். காரணமே இல்லாமல், மாதக்கணக்காக, நித்திரையையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு வந்தால்தான் அது நோய். நம்மவர்களுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மனத்தின் வருத்தத்தை நாம் உடம்பில்தான் உணர்கிறோம். போர்க்கால யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மனநல மருத்துவர் சிவயோகனும் 98 பேரிடம் நடத்திய ஆய்வு 1994 இல் பிரித்தானிய மனநல மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. அதில் 26 சதவீதத்தினரிடம் பதகளிப்பு நோய் இருந்தது. மன உளைச்சல் உடல் உபாதையாக வெளிப்பட்டவர்களோ 41 சதவீதம். நெஞ்சு நோ, தலையிடி, உடம்பு எரிவு என்று வைத்தியரிடம் போய், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்த பின்னரே மனத்தின் பேச்சு எடுக்கப்படும். இப்படி உடம்பை உன்னிப்பாகக் கவனித்துப் பழகிய ஒருவருக்கு, உடம்பில் சில நாட்கள் குழப்பம் செய்யும் மருந்தைக் கொடுத்தால் அவர் பயப்படாமல் என்ன செய்வார்?

பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டலில், நீடித்த பதகளிப்புக்கு மருந்து தேவைப்பட்டால் முதலில் சேர்ட்ரலினை யோசிக்கும்படி கூறுகிறது. இதே வகையைச் சேர்ந்த சிற்றலோபிராம், எஸ்சிற்றலோபிராம் என்பவையும் கொடுக்கப்படுவதுண்டு. பெட்டிக்குள் இருக்கும் கடதாசியில் 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று கண்டு, வைத்தியர் தவறான குளிசையைத் தந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒரே மருந்துதான் இரண்டுக்கும். இது வேலியம் போன்ற மருந்தும் அல்ல. வேலியம் போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆளை அமர்த்தும், சில கிழமைகளிலேயே பழக்கமாகியும் விடும். சேர்ட்ரலின் வகை அப்படி ஏக்கத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பொறுமை கேட்கும். நன்மை தெரிய இரண்டு முதல் நான்கு கிழமைகள், முழுப் பயனுக்கு ஆறு கிழமையும் அதற்கு மேலும் ஆகலாம்.

பக்கவிளைவு மட்டும் ஏன் முந்திக்கொண்டு வருகிறது?

செரற்றோனின் என்ற இரசாயனம் மூளைக்கு மட்டும் உரியதல்ல. உடம்பிலுள்ள செரற்றோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மூளையைச் சரிசெய்யப் போட்ட குளிசை முதலில் வயிற்றைக் கலக்குவதன் காரணம் இதுதான். மூளையிலும் முதல் குளிசையோடேயே செரற்றோனினின் போக்கு மாறத் தொடங்கிவிடும். ஆனால் மூளைக் கலங்கள் அந்த மாற்றத்துக்கு இசைந்து கொடுக்கக் கிழமைகள் எடுக்கும். அந்த இடைவெளியில் சிலருக்குப் படபடப்பும் அந்தரமும் கூடுகின்றன. அதாவது, எந்த வருத்தத்துக்கு மருந்து எடுத்தோமோ அதே வருத்தத்தின் சாயலில் பக்கவிளைவு வருகிறது. நீரிழிவுக்கு மெற்போமின் தொடங்கிய நாட்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு வயிற்றோட்டம் வந்தது? அதைப் பொறுத்துக்கொண்டோம். காரணம், வயிற்றோட்டத்தை யாரும் நீரிழிவு முற்றியதாக நினைப்பதில்லை. இங்கோ படபடப்பு வந்தால் "எனக்கு முத்திப்போச்சு" என்று நினைக்கிறோம். அந்த நினைப்பே இன்னும் படபடப்பைக் கொண்டுவரும்.

இதனால் பல வைத்தியர்கள் சிறிய அளவில் தொடங்குவார்கள். சேர்ட்ரலின் என்றால் முதல் கிழமை 25 மில்லிகிராம், பிறகு 50 என்று கூட்டுவது வழக்கம். 50 இல் தொடங்கி உங்களால் தாங்க முடியாவிட்டால், குளிசையை நிறுத்துவதற்கு முன்னர் ஜீ.பி.யை அழைத்து "குறைத்துத் தொடங்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்றே பதில் வரும்.

வயிற்றுப் பிரட்டல்தான் அதிகம் பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் நாட்களில் வந்து ஓரிரு கிழமையில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட்டாலே பாதி குறையும். காலையில் ஒரு பிளேன்ரீயுடன் வேலைக்கு ஓடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. இந்த நாட்களில் அது கூடாது. இரண்டு இடியப்பமும் சொதியும், அல்லது ஒரு துண்டு பாண், அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் கஞ்சி. உறைப்பையும் பொரியலையும் சில நாட்களுக்குக் குறையுங்கள். இஞ்சி போட்ட தேநீர் சிலருக்கு இதமாக இருக்கும். வயிற்றோட்டம் இருந்தால் தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதம் பிடிப்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விரதம் முடிந்த கையோடு மருந்தைத் தொடங்கலாமா என்று கேட்பதில் வெட்கமில்லை.

நித்திரை இரண்டு விதமாகக் குழம்பும். சிலர் இரவிரவாக விழித்திருப்பார்கள், சிலர் பகலில் தூங்கி வழிவார்கள். முதல் வகையினர் குளிசையைக் காலையிலும் மற்றவர்கள் இரவிலும் எடுப்பது நல்லது. எந்த நேரம் என்றாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். பின்நேரத்துக்குப் பிறகு கோப்பி, தேநீர் இரண்டையும் தள்ளி வையுங்கள். நாளுக்கு ஆறு கோப்பை தேநீர் குடித்துக்கொண்டு "நெஞ்சு அடிக்குது" என்றால் குற்றம் முழுவதையும் குளிசையின் தலையில் போட முடியாது.

கை நடுக்கம், வியர்வை, உள்ளே ஒரு துடிப்பு, இருப்புக் கொள்ளாமை என்பவற்றுக்கு என் அனுபவத்தில் நல்ல மருந்து நடை. ரோ கிறீன் பூங்காவை ஒரு சுற்று, முடிந்தால் இரண்டு சுற்று. வேகம் முக்கியமல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: நடுக்கமும் வியர்வையும் இரத்தத்தில் சீனி குறைந்ததாலும் வரலாம். இந்த மருந்து சீனியின் அளவை மாற்றக்கூடியது. இன்சுலின், கிளிக்கிளசைட் எடுப்பவர்கள் முதல் வேலையாக விரலைக் குத்திச் சீனி பாருங்கள். தலையிடிக்கு வழமையான அளவில் பரசிற்றமோல் போடலாம். தலைச்சுற்று இருந்தால் அது அடங்கும் வரை காரை எடுக்க வேண்டாம்.

தாம்பத்திய உறவில் ஏற்படும் மாற்றத்தைப் பற்றி நம்மில் யாரும் வாய் திறப்பதில்லை. விருப்பம் குறையலாம், உச்சம் தாமதமாகலாம். மற்றவை அடங்கினாலும் இது தொடரக்கூடும். காரணம் தெரியாமல் கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் சந்தேகிப்பதை விட, குளிசையால் வருகிறது என்று இருவரும் அறிந்திருப்பது மேல். வைத்தியரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்கலாம்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

மேலே சொன்னவை பொறுத்துக் கடக்க வேண்டியவை. சில விடயங்களில் பொறுமை ஆபத்து. உயிரை விடும் எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ அன்றே உதவி தேட வேண்டும். மருந்து தொடங்கிய ஆரம்ப நாட்களில் இளவயதினர் சிலரிடம் இது ஏற்படுவதுண்டு. அதனால்தான் 30 வயதுக்கு உட்பட்டவர்களை ஒரு கிழமைக்குள் பார்க்க வேண்டும், முதல் மாதம் கிழமைதோறும் விசாரிக்க வேண்டும் என்று நைஸ் சொல்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தனி அறையில் இருக்கும் பிள்ளை மருந்து தொடங்கியிருந்தால், அந்த மாதம் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுங்கள். "படிக்கிறியா?" என்று கேட்பதற்கு முன் "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். எண்ணம் பற்றி நேராகக் கேட்டால் அது எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற பயம் வேண்டாம். கேட்பது பாதுகாப்பு.

ஒரு நிமிடம்கூட உட்கார முடியாத அளவு தவிப்பு, நித்திரையே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சும் என்றாலும் அன்றே வைத்தியருக்கு அறிவியுங்கள். கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் மனக்குழப்பமும் சேர்ந்து வருதல், வலிப்பு, முகம் வீங்கி மூச்சு முட்டுதல், இரத்தச் சத்தி, தார் போலக் கறுப்பாக மலம் போதல் என்பவற்றுக்கு 999. முதியவர்களில், விசேஷமாக நீர் போகும் குளிசையும் எடுப்பவர்களில், இரத்தத்தில் உப்பு குறைந்து சோர்வும் தடுமாற்றமும் வரலாம். "அம்மம்மாவுக்கு வயசு போட்டுது" என்று விட்டுவிடாமல் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நெஞ்சை இறுக்கும் நோவை எக்காரணம் கொண்டும் 'குளிசையின் வேலை' என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். நீரிழிவும் இருதய நோயும் நிறைந்த சமூகம் நாம். அதற்கும் 999 தான்.

உயிராபத்து இல்லாத மன நெருக்கடிக்கு 111 ஐ அழைத்து மனநலத்துக்கான 2 ஐ அழுத்தினால் இரவு பகலாக ஆள் கிடைக்கும். மனம் விட்டுப் பேச ஒருவர் வேண்டுமென்றால் சமரித்தன்ஸ் அமைப்பின் 116 123, கட்டணமில்லை. ஆங்கிலம் தயக்கம் என்றால் வைத்தியரைச் சந்திக்கும் நேரத்தைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். என்.எச்.எஸ். அதற்குப் பணம் கேட்காது. பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிப்போய் அம்மாவின் மனவருத்தத்தை மொழிபெயர்க்க வைப்பது சரியல்ல. அம்மா எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார், பிள்ளையும் தாங்க மாட்டாள்.

மற்றக் குளிசைகள்

மூட்டு நோவுக்கு நாமாக வாங்கிப் போடும் இபுபுரோபனும், அஸ்பிரினும் இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரும் அபாயம் கூடும். இருதயத்துக்கு வைத்தியர் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், சொல்லிவிடுங்கள் போதும். டிரமடோல் என்ற நோக்குளிசை, ஒற்றைத் தலையிடிக்கான சுமற்றிப்ரான், சில இருமல் பாணிகள் என்பவற்றையும் சொல்ல வேண்டும். 'மூலிகைதானே' என்று கடையில் வாங்கும் சென் ஜோன்ஸ் வேர்ட் இதோடு சேரவே கூடாது. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த நித்திரைக் குளிசை அலுமாரியில் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். கிங்ஸ்பரி வீதியில் உங்களுக்குப் பழக்கமான மருந்தகத்துக்கு வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டலாம். அதற்கு முன்பதிவு தேவையில்லை. மதுவை இந்த நாட்களில் தவிர்ப்பதே நல்லது. இரவில் 'நித்திரைக்கு ஒரு பெக்' என்று எடுப்பவருக்கு மறுநாள் பதகளிப்புக் கூடும்.

வீட்டார் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் அது பெரிது. "விசர்க் குளிசை" என்ற சொல் வீட்டுக்குள் வரக் கூடாது. "கோயிலுக்குப் போனாச் சரிவரும், இது என்னத்துக்கு?" என்று மாமி கேட்டால், கோயிலுக்கும் போகலாம், குளிசையும் போடலாம் என்று மகன் சொல்ல வேண்டும். மருமகளைச் சொல்ல விடக் கூடாது. சமையலையும் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடும் வேலையையும் இரண்டு கிழமைக்கு யாராவது பகிர்ந்துகொண்டால், பாதிப் பக்கவிளைவு குறைந்த மாதிரி. ஒரு சிறு கொப்பியில் தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள்: என்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, நித்திரை எத்தனை மணி. மூன்றாம் கிழமையில் திரும்பிப் பார்க்கும்போது, தினமும் இருந்தது இப்போது இடைக்கிடை வருகிறது என்பது எழுத்தில் தெரியும். வைத்தியருக்கும் அந்தக் கொப்பி பயன்படும்.

குளிசை மட்டுமே வழியும் அல்ல. பேச்சுச் சிகிச்சைக்கும் அதே அளவு மதிப்பு உண்டு. பிரென்ற் ரோக்கிங் தெரப்பீஸ் என்ற என்.எச்.எஸ். சேவைக்கு ஜீ.பி.யின் கடிதம் இல்லாமல் நீங்களே பெயர் கொடுக்கலாம். காத்திருக்க வேண்டி வரலாம், ஆதலால் குளிசை தொடங்கும் நாளிலேயே பெயரையும் கொடுத்துவிடுங்கள்.

சுகம் வந்த பின்னர்தான் இரண்டாவது தவறு நடக்கிறது. "இப்ப நல்லாயிருக்கு" என்று மூன்றாம் மாதத்தில் சடுதியாக நிறுத்துவார்கள். தலைச்சுற்று, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் தட்டுவது போன்ற உணர்வு எல்லாம் வரும். பதகளிப்பும் திரும்பக்கூடும். பயன் கிடைத்தால் குறைந்தது ஒரு வருடம் தொடரும்படிதான் நைஸ் சொல்கிறது. பிறகு வைத்தியரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கர்ப்பம் தரித்தாலும் இதே விதிதான்: நீங்களாக நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் பேசுங்கள்.

பெட்டியில் பொதுவாக 28 குளிசைகள் இருக்கும். அடுத்ததைக் கடைசிக் கிழமை தொடங்கும்போதே கேட்டு வையுங்கள். ஓகஸ்ட்டில் ஊருக்குப் போகிறவர்கள் போய்வரும் நாட்களுக்கும் மேலாக ஒரு கிழமைக்குரியதைச் சேர்த்து, மருந்துச் சீட்டின் பிரதியுடன் கைப்பையில் கொண்டு போங்கள். பெரிய பெட்டிக்குள் வைத்தால் நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்க, குளிசை இன்னும் டோகாவில் நிற்கும்.