கட்டு அவிழ்த்த சிறுவன்

அமெரிக்க எழுத்தாளர் ரூத் ஸ்டைல்ஸ் கேனட் 1948-இல் வெளியிட்ட 'என் தந்தையின் டிராகன்' என்னும் சிறுவர் நூலில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

மேகத்திலிருந்து விழுந்து சிறகில் அடிபட்ட டிராகன் குட்டியைத் தீவொன்றின் விலங்குகள் கயிற்றால் கட்டி, ஆற்றின் குறுக்கே தம்மைச் சுமக்கச் செய்கின்றன. தான் பால் வார்த்துப் பேணிய தெருப்பூனையின் வாயிலாக இதனை அறிந்த எல்மர் என்னும் சிறுவன், அதனை மீட்கப் புறப்படுகிறான்.

வழிமறித்த விலங்குகளை அவன் கொன்றானில்லை. புலிகளுக்குச் சூயிங்கம், பிடரிமயிர் சிக்குண்ட சிங்கத்திற்குச் சீப்பு, கொம்பு மாசுற்ற காண்டாமிருகத்திற்குப் பல்துலக்கி என்று அவ்வவற்றின் விருப்பம் அறிந்து வழங்கினான். அவன் கொண்டுசென்ற கத்தி, இறுதியில் கயிற்றை அறுக்கப் பயன்பட்டது.

குட்டியைக் கட்டியவை கொடிய விலங்குகள் அல்ல. ஆற்றைச் சுற்றி நடக்கச் சோம்பியவை. கட்டிவைத்தலையும் மிகுபாரம் ஏற்றுதலையும் கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் வைத்து நம் அறநூல்கள் கூறுகின்றன. கொல்லவில்லை என்று நாம் மனநிறைவு கொள்கிறோம். நம் தொழுவத்து மாட்டின் கயிறு எவ்வளவு நீளம் என்று பார்ப்பதில்லை.

இக்கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்லுங்கால், குட்டியை விடுவித்தவன் யார் என்பதோடு, கட்டியவர் யார், எதற்காகக் கட்டினர் என்றும் கேட்போமாக. விடை நம் வீட்டிலும் இருக்கக்கூடும்.