உடல் செலவிடும் ஆற்றல் எவ்வளவு?

ஓய்ந்திருக்கும்போதும் உடல் ஆற்றலைச் செலவிடுகிறது. பெரியவர்க்கு ஒரு கிலோ எடைக்கு, மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 1440. இதனை உழைப்பிற்கேற்பப் பெருக்குதல் வேண்டும்.

சுங்கை சிப்புட் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரம் மரமாக நடந்து பால்வெட்டி, வாளி சுமந்த தாத்தாவுக்கு 1.8 எனக் கொள்வோம், 2592 ஆகும். ஈப்போவில் லாரி ஓட்டும் பேரனுக்கு 1.5, அதாவது 2160. வேறுபாடு 432. ஏறக்குறைய 330 கிராம் சோறு! பேரனோ தாத்தாவின் தட்டளவே உண்கிறான். மிஞ்சுவது கொழுப்பாகத் தங்குகிறது. (இனிப்புத் தேநீர் தனிக் கணக்கு.) மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் என 2023ஆம் ஆண்டு தேசிய நலவாய்வு கண்டது.

இக்கணக்கு பெற்றோர்க்கே உரியது. வளரும் பிள்ளைகள் உணவைக் குறைத்தலாகாது. பெருக்கும் எண்ணும் மதிப்பீடே. இரு வாரத்திற்கொருமுறை எடை பார்த்துத் திருத்திக்கொள்க.