சிறு உழைப்பிற்குப் பின் மூச்சு அடங்கும் முறை

கிணற்றில் ஒரு குடம் நீர் சேந்தினாலும், சில படிகள் விரைந்து ஏறினாலும் மூச்சு சற்று மிகுதியாகிப் பின்னர்த் தானே அடங்குவது யாவரும் அறிந்ததே. அது அடங்கும் முறையை அறிதல் தேகநலத்தைக் காப்பதற்குப் பெரிதும் உதவும்.

ஓய்ந்திருக்கும் வயது வந்தவர் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 12 முதல் 20 தடவை சுவாசிக்கிறார். உழைக்கும்போது தசைகள் பிராணவாயுவை அதிகமாகச் செலவிட்டு, கரியமிலவாயுவை அதிகமாக உண்டாக்குகின்றன. மூளையின் அடிப்பாகத்திலுள்ள முகுளம் இதற்கேற்பச் சுவாசத்தை நடத்துகிறது. கரியமிலவாயு சிறிதளவு உயர்ந்தாலும் மூச்சு மிகும் என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர்கள் 1905-ஆம் ஆண்டில் விளக்கினர். உழைப்புத் தொடங்கியவுடனேயே மூச்சு மிகுவதை 1913-ஆம் ஆண்டில் குரோக், லிண்ட்ஹார்டு என்போர் கண்டனர். இரத்தத்தின் வழியாக அவ்வளவு விரைவில் செய்தி எட்டாது. ஆகவே நரம்புகளுக்கும் இதில் பங்குண்டு.

உழைப்பு நின்றபின் மூச்சு இரண்டு படிகளில் தணிகிறது. கைகால்களை இயக்கிய மூளையின் கட்டளையும், தசைகளிலிருந்து சென்ற நரம்புச் செய்தியும் நின்றுவிடுவதால், சில விநாடிகளிலேயே மூச்சு ஓரளவு குறையும். இது முதற்படி. இரண்டாம் படிக்குச் சில நிமிஷங்கள் செல்லும். முகுளத்தில் எழுந்த ஊக்கம் மெல்லத் தணியவேண்டும். தசைகளில் எஞ்சிய கரியமிலவாயு இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து வெளியேறவேண்டும். உழைப்பின் தொடக்கத்தில் பிராணவாயுவின் வரவு செலவிற்கு ஈடாவதில்லை. அக்குறையும் அப்போதே நிறைகிறது. அறிஞர்கள் இதனைப் பிராணவாயுக் கடன் என்றே வழங்கினர். சிறு உழைப்பினால் நேர்ந்த கடன் சிறியதாகலின் விரைவில் தீரும்.

இவ்வேளையில் வலிந்து பெருமூச்சு விடலாகாது. கரியமிலவாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறித் தலைசுற்றல் உண்டாகும். மூச்சை அடக்குவதும் தகாது. மெல்ல நடந்தோ அமர்ந்தோ மூச்சைத் தன்போக்கில் விடுவதே நலம்.

முன்னர் எளிதாகச் செய்த வேலைக்கே நெடுநேரம் மூச்சு வாங்குமாயின், அதனை முதுமை என்றும் சோம்பல் என்றும் தள்ளிவிடலாகாது. அது இரத்தச்சோகை, இருதய நோய், நுரையீரல் நோய் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். மார்புவலியோ மயக்கமோ சேர்ந்து வருமாயின் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்குத் தேகபலமே முதல். அது கரையத் தொடங்கியபின் வாளாவிருப்பது, கடனுக்கு வட்டி ஏறவிடுவதை ஒக்கும்.